கோல் போஸ்ட்டில் தூளி

புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போன அன்று காலை, என் கோல் போஸ்ட்டில் குழந்தைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பயந்துவிடாதீர்கள். குறுக்குக் கட்டையில் பழைய புடவைகளை முடிந்து வரிசையாகத் தூளி கட்டியிருந்தார்கள். ஒரு தூளியிலிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் கறுப்புக் கயிறு.

போஸ்ட்டுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்த அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதித்தது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள், முந்தின நாள் நான் முதுகு ஒடியப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைச் சுரண்டி மூக்கில் பூசிக்கொண்டிருந்தன.

அடுப்பண்டை உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து என் பூட்ஸைப் பார்த்தாள். வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை. எஸ்தர் அக்கா என்று பிற்பாடு ஊரே கூப்பிட்ட எஸ்தர் அக்காவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா தம்பி, யார் வோணும்?"

"இது ஃபுட்பால் மைதானம். அது கோல் போஸ்ட். நான் கிளப் செகரட்டரி. கோல்கீப்பரும் நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"கீப்பர்னா இன்னா வேலை?"

"பந்து உள்ளே போகாமல் காவல் காப்பது."

"நானும் காவலுக்குத்தான் கீறேன். அப்படியே குந்தி அந்தக் கடைசித் தூளிய ஆட்டுங்க தம்பி. கூழு அடி புடிக்குது."

சண்டை போட வந்தவன் குந்தித் தூளி ஆட்டினேன். இறுக்கமான புது பூட்ஸோடு குந்துவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நானும் என் பூட்ஸும்

அப்போது எனக்கு இருபதுகளில் வயது. தங்கவயலில் ஒரு மைனில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஷிப்டுக்கு வருகிறவர்களின் பேரைக் குறிக்கிற வேலை. மீசையை முறுக்கி நுனியில் மெழுகு தடவியிருப்பேன். கண்ணாடியில் பார்த்தால் ஜில்லா கலெக்டர் மாதிரி இருக்கும். மற்றவர்கள் கண்ணுக்கு எப்படி இருந்தது என்று நான் விசாரித்ததில்லை.

கோல்கீப்பர் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் எல்லோரும் வெறுங்காலோடு ஆடுவார்கள். பெங்களூரிலிருந்து பூட்ஸ் தருவித்தவன் நான் ஒருவன்தான். அதைப் போட்டுக்கொண்டு என்னால் ஓட முடியவில்லை. ஓடாமல் நிற்கிற இடம் மைதானத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மைதானம் என்றால் பச்சைப் புல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மில்லுக்குக் கீழ்ப்பக்கம் கல்லும் முள்ளுமாய்க் கிடந்த மேட்டை மேனேஜர் துரை சமப்படுத்திக் கொடுத்தார். "கம்பெனி ஆட்கள் எல்லோரும் பொழுதுபோக்குவதற்காக" என்று அறிவித்தார். எல்லோரும் என்றால் குமாஸ்தாக்களாகிய நாங்களும், மிஞ்சிப்போனால் ஒர்க்‌ஷாப் பிட்டர்களும் என்று நாங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

இங்கே மில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மேலே கதை நகராது. பெரிய பெரிய இரும்பு உலக்கைகள் ராப்பகலாகத் தங்கக்கல்லை இடித்துப் பொடியாக்கும். ஸ்டாம்பு என்று அதற்குப் பெயர். அந்தச் சத்தத்தில் வீட்டுக்குள் பாத்திரங்கள் அதிரும். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வேலூரில் என் மைத்துனன் கல்யாணத்தில், பந்தியில் நான் சாம்பார் கேட்டதைச் சண்டை என்று நினைத்துச் சம்பந்தி வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

துடைப்பதற்காக ஸ்டாம்புகளை ஐந்து ஐந்தாகத்தான் நிறுத்துவார்கள்; மற்றவை இடித்துக்கொண்டே இருக்கும். அதுவரை மில் முழுதாக நின்று நான் கேட்டதே இல்லை.

மரமில்லாத ஊர்

தூளி கட்ட ஊரில் வேறு இடமா இல்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"ஒரு மரத்தக் காட்டுங்க தம்பி, அங்க போயிடறேன்" என்றாள் எஸ்தர் அக்கா.

சுற்றிப் பார்த்தேன். பாய்லருக்கும் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் வெட்டி வெட்டி, கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு மரம் பாக்கியில்லை. அந்தப் பொட்டலில் நட்டமாக நின்ற கட்டைகள் எங்கள் கோல் போஸ்ட்டுகள் மட்டும்தான்.

விஷயம் இதுதான். மில்லுக்கு வரும் கல்லைத் தரம் பார்த்துப் பொறுக்குகிற வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளைக் கல் குவியலுக்குப் பக்கத்திலேயே கூடையில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்வார்கள். ஒரு நாள் குவியல் சரிந்து ஒரு கல் உருண்டு வந்தது. கன்னியம்மாள் என்கிற பெண்ணின் குழந்தை, மயிரிழையில் பிழைத்தது. மறுநாளே மேஸ்திரி, இனிமேல் பிள்ளையோடு வருகிறவளுக்கு வேலை கிடையாது என்றுவிட்டார்.

கன்னியம்மாளின் புருஷன் சுரங்கத்தில் கால் ஒடிந்து வீட்டில் படுத்திருந்தான். எழுந்திருக்கவே அவனுக்கு ஆள் வேண்டும். அவன் பிள்ளையை எங்கே பார்ப்பது? இவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவளைப்போல இன்னும் பலபேர்.

எஸ்தர் அக்கா ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வேதக்கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்த விதவை. பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி அவளை அழைத்து வந்தார்கள். காலையில் வரும்போது ஆளுக்கு ஒரு பிடி கேழ்வரகு மாவைப் பொதுப் பானையில் போடுவார்கள். அந்தக் கூழில் அவளும் குடிப்பாள், பிள்ளைகளும் குடிக்கும். கோவில் திருவிழாவில் விளக்கெண்ணெய்க்கு ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவதுபோல எங்கள் பக்கத்து வழக்கம்தான் அது. வேலைக்காரிகளின் பிள்ளைகளை இப்படிப் பார்த்துக்கொள்கிற இடத்துக்குப் பெரிய பெரிய ஊர்களில் இப்போது ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம்.

ஆக, அந்தப் போஸ்ட் இல்லாவிட்டால் தூளி இல்லை. தூளி இல்லாவிட்டால் கன்னியம்மாளுக்கு வேலை இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் செகரட்டரி என்று ஒரு பதவி வந்துவிட்டால் மனுஷனுக்குத் தலை கொஞ்சம் கனத்துவிடுகிறது.

என் ராஜதந்திரம்

துரையை ஒரு மேட்சுக்கு அழைப்பது என்று முடிவு செய்தேன். அவரே வந்து தூளிகளைக் கண்ணால் பார்க்கட்டும், அவர் வாயாலேயே காலி பண்ணச் சொல்லட்டும், பழி நம்மேல் விழாது. இதுதான் திட்டம்.

எங்கள் சென்டர் பார்வர்டு சவரிமுத்துவுக்கு இதில் இஷ்டமில்லை. ஸ்டோர் குமாஸ்தா, ஒல்லியான ஆள், வாய்த்துடுக்கு அதிகம்.

"இன்னா சார், கொழந்தைங்களோட மல்லுக்கு நிக்கறீங்க? ஜெயிச்சாலும் கேவலம், தோத்தாலும் கேவலம்" என்றான்.

"நீ பந்தை உதை, போதும்" என்றேன்.

நாள் குறித்ததில்தான் என் மூளையே இருக்கிறது. என்ஜினில் ஏதோ பெரிய ரிப்பேர், ஒரு நாள் பிற்பகல் முழுக்க மில் நிற்கப்போகிறது என்று டைம் ஆபீசில் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. துரைக்கு ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தேன். ஸ்டாம்பு சத்தத்தில் அதை யார் கேட்பது? என் ஆங்கிலம் அமைதியில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே மேட்சை அந்த நாளில் வைத்தேன்.

மில் நின்றது

துரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிட்டர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். மில் பக்கத்துப் போஸ்ட்டில் வழக்கம்போலத் தூளிகள். நான் ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி, காகிதத்தைப் பிரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மில் நின்றது.

அந்த மாதிரி ஒரு அமைதியை நாங்கள் யாரும் கேட்டதில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று எல்லோரும் காதைக் குடைந்தார்கள். நாய்கள் எழுந்து நின்றன. லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"மாட்சிமை பொருந்திய ஐயா" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் குரல் மூக்கால் வருகிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வார்த்தைக்குள் ஒரு தூளி அலறியது. பிறகு பக்கத்துத் தூளி. பிறகு எல்லாத் தூளிகளும். பிறந்ததிலிருந்து ஸ்டாம்பு சத்தத்திலேயே தூங்கிய பிள்ளைகள். சத்தம் நின்றதும் இடி விழுந்ததுபோலத் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிட்டன. எஸ்தர் அக்கா இரண்டு கையாலும் இரண்டு தூளியை ஆட்டினாள், காலால் மூன்றாவதை ஆட்டினாள். பிரயோஜனமில்லை. நான் பெட்டியிலிருந்து இறங்கிப் போய் ஒரு தாலாட்டுப் பாடிப் பார்த்தேன். அதுவரை அழாமல் கூழ் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அழ ஆரம்பித்தன.



கல் பொறுக்கும் இடம் மைதானத்துக்கு மேலேதான், கூப்பிடு தூரம். ஆனால் மில் சத்தத்தைத் தாண்டி ஒரு நாளும் ஒரு அழுகை அங்கே போனதில்லை. பிள்ளைகளை இங்கே விட்ட பிறகு, அவை அழுவதை அந்தப் பெண்கள் வேலை நேரத்தில் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

கூடைகளைப் போட்டது போட்டபடி சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். தலைமுதல் கால்வரை கல் தூசி. ஒருத்தி கால் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடி வந்தாள். பிட்டர்கள் வழிவிட்டார்கள். அவரவர் தூளியில் அவரவர் கை போயிற்று. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். நாங்கள் அத்தனை ஆண்பிள்ளைகளும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துரையும்தான்.

துரைக்குப் புரிந்த தமிழ்

மேஸ்திரி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். "வேலைய வுட்டுட்டு இங்க இன்னா கூத்து? எயிந்திருங்க, போங்க!"

கன்னியம்மாள் எழுந்தாள். குழந்தை தோளில். நேரே துரையின் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"தொர, எம் புருசன் கீழ லெவல்ல கால ஒடச்சிகினு ஊட்ல கீறாரு. கல்லாண்ட புள்ளய வெக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நாயம்தான், இங்க கொண்ணாந்து வெச்சோம். இங்கயும் கூடாதுன்னு கிளப்புல சொல்றாங்களாம். அப்ப எங்க வெக்கறது? நீங்களே ஒரு எடத்தக் காட்டுங்க. காட்டினீங்கன்னா இப்பவே வேலைக்குப் போறோம்."

மற்றப் பெண்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

துரை என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டிய கடமை எனக்கு. "மகாகனம் பொருந்திய ஐயா, மேற்படி ஸ்திரீயானவள் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்று ஆங்கிலத்தில் எடுத்தேன்.

துரை கையைக் காட்டி நிறுத்தினார். "நீ சும்மா இரு" என்றார், தமிழில். சுரங்கத்தில் எங்கள் ஆட்களோடு இத்தனை வருஷம் பழகியவர். என் ஆங்கிலத்தைவிட அவளுடைய தமிழ் அவருக்குச் சுலபமாகப் புரிந்திருந்தது.

அவளிடம் கேட்டார். "இந்த இடம் போதும்?"

"போதும் தொர."

"வெச்சுக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிரவுண்டு எல்லாருக்கும் சொன்னேன். இவ எல்லாரும் இல்லையா? உனக்கு ரெண்டு போஸ்ட் இருக்குது. ஒண்ணு குடு."

அவருக்கு என்ன, கல் பொறுக்குகிற வேலை நின்றுபோய்விடக்கூடாது. தர்ம சிந்தனையோ வேலைக் கணக்கோ, இடம் கிடைத்துவிட்டது. கன்னியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மேட்ச் நடக்கவில்லை. பால் குடித்த பிள்ளைகளைத் தூளியில் போட்டால் மறுபடியும் வீல் என்றன.

"சத்தமில்லாங்காட்டி பயந்துக்குதுங்க" என்றாள் எஸ்தர் அக்கா.

சவரிமுத்து ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்து மில் தாளத்தில் தட்டினான். ஒரு தூளி அடங்கியது. அப்புறமென்ன, பிட்டர்களும் குமாஸ்தாக்களும் கிடைத்த டின், தகரம், சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் என் வரவேற்புரைக் காகிதத்தின்மேல் உட்கார்ந்து, மாலை சங்கு ஊதும்வரை டின் தட்டினேன்.

பவுரிங்பேட்டையில் என் சாதனை

இப்போது பங்காருபேட்டை என்கிறார்களே, அதற்கு அப்போது பவுரிங்பேட்டை என்று பெயர். அங்கே ரயில்வேக்காரர்களோடு ஒரு மேட்ச். துரை தீர்ப்புச் சொல்லி ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும்.

அந்த ஒரு வருஷமும் நாங்கள் ஒற்றைப் போஸ்ட்டில்தான் பழகினோம். நான் எப்போதும் ஒரே போஸ்ட்டில் நிற்பேன். சவரிமுத்து முதலான எல்லோரும் என்னைப் பார்த்தே உதைப்பார்கள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவது என்ற வழக்கமே எங்கள் ஊரில் ஒழிந்துபோயிருந்தது.

பவுரிங்பேட்டையில் முதல் பாதியில் இரண்டு பேரும் கோல் போடவில்லை. இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். தின்றேன். தின்றுவிட்டு, பழைய போஸ்ட்டுக்கே போய் நின்றேன்.

ரயில்வே கோல்கீப்பர் வந்து என் பக்கத்தில் நின்றான். மரியாதைக்காரப் பையன், பேச்சுத்துணைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து அவன் சொந்த ஊரை விசாரித்தேன். அவன் பதில் சொல்வதற்குள் சவரிமுத்து பந்தோடு பாய்ந்து வந்து ஓங்கி ஒரு உதை விட்டான். பழக்கதோஷம், நான் பறந்து போய்ப் பிடித்துவிட்டேன். என் ஆயுளில் நான் சுத்தமாகப் பிடித்த பந்து அது ஒன்றுதான்.

பந்தைக் கட்டிக்கொண்டு எழுந்தபோது எங்கள் டீம் முழுவதும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றது. ரயில்வே கோல்கீப்பர் எனக்கு நன்றி சொன்னான். விசில்காரர் சிரித்து முடிக்கிறவரை ஆட்டம் நின்றது. அந்தக் கலக்கத்திலிருந்து நாங்கள் மீளவே இல்லை. வரிசையாகக் கோல் வாங்கித் தோற்றோம். ரயிலில் திரும்பும்போது பக்கத்தில் யாரும் உட்காராமல் எனக்கு ஒரு பெஞ்சு முழுதாகக் கிடைத்தது.

ஏகமனதான தீர்மானம்

மறுவாரம் மைதானத்தில் கிளப் கூட்டம். எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைப் போஸ்ட்டில் பழகினதால் வந்த வினை, அந்த இன்னொரு போஸ்ட்டைத் திரும்ப வாங்கியே தீரவேண்டும் என்று பேச்சு ஏறியது. பழைய துரை அதற்குள் சீமைக்குப் போய்விட்டார். வந்த புதுத் துரை, கிளப் விவகாரத்தைக் கிளப்பே தீர்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார். ஆகவே அங்கே கை தூக்கினால் தூக்கினதுதான்.

வேலை முடிந்து பிள்ளையை எடுத்துப்போக வந்த கன்னியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடந்தான். எஸ்தர் அக்கா, யாரும் சொல்லாமலே, கடைசித் தூளியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

செகரட்டரி, நான்தான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பவுரிங்பேட்டைக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

சவரிமுத்து எழுந்தான்.

"யக்கா, அவுக்காதீங்க, இருங்க" என்றான் அந்தப் பக்கம் பார்த்து. பிறகு எங்களைப் பார்த்தான். "போஸ்ட்டு இன்னாப்பா பண்ணிச்சி? அது நின்ன எடத்துலதான நின்னுச்சி? எடம் மாறாம நின்னது யாரு? போஸ்ட்டு புள்ளைங்களுக்கே இருக்கட்டும். கோல்கீப்பர மாத்திடலாம்."

முதலில் சிரித்தது கன்னியம்மாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

செகரட்டரி என்ற முறையில் தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையையும் சேர்த்து.